கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லி எதிர்ப்பு வந்தால், பொதுவாக நூலகம் என்ன செய்யும்?

"பொதுவாக" என்று போட்டிருக்கிறீர்கள். இதைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. யாரோ வந்து உங்கள் கவுன்டரில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், அல்லது முதல்வர் அறையிலிருந்து இன்டர்காம் வந்திருக்கிறது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன நூலகர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, படியுங்கள்.

நான் கொங்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் 28 வருடம் நூலகராக இருந்து 2021-ல் ஓய்வு பெற்றவள். நான் பார்த்த வரை, நம் ஊர்க் கல்லூரிகளில் இதற்கென்று எழுதிவைத்த நடைமுறை கிடையாது. அன்றைக்கு முதல்வர் நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு பயப்படுகிறாரோ அவ்வளவுதான் நடைமுறை. "எங்கள் கல்லூரியில் அப்படி இல்லை" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். அப்படியே அந்த நடைமுறை எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2015 பிப்ரவரி. அப்போது எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று மறந்தவர்களுக்காக இரண்டு வரி. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்த நாவல். நாலு வருடம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம், புத்தக எரிப்பு, அடுத்த மாதம் கடையடைப்பு. 2015 ஜனவரி 12-ம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஒரு 'சமாதானப் பேச்சு', அப்புறம் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் முகநூலில் போட்டார். அவரும் ஒரு கல்லூரி ஆசிரியர்தான் என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் உறைத்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள்தான் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பழைய மாணவர், தொண்ணூறுகளில் நானே அவருக்குப் புத்தகம் இஷ்யூ செய்திருக்கிறேன். சத்தம் போடவில்லை, செருப்பைக்கூட வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். கையில் இரண்டு பக்க ஜெராக்ஸ், அதில் நாலு வரிக்கு மஞ்சள் மார்க்கர். அவர்கள் கேட்டது அந்த நாவல் இல்லை. எங்கள் வட்டாரத்துக் கோவில் ஒன்றின் திருவிழாவையும் குலதெய்வக் கதைகளையும் பற்றி ஒருவர் செய்த ஆய்வு, சின்னப் புத்தகம், விலை 120 ரூபாய். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அதற்கும் ஒரு ஜெராக்ஸ் தயாராகிவிடும்.

"ஏனுங் மேடம், படிக்கற பசங்க கையில இதெல்லாம் குடுக்கலாமுங்களா?"

"முழுசாப் படிச்சீங்களா?" என்றேன்.

"அதெதுக்குங்க, இந்த நாலு வரி பத்தாதுங்களா?"

நான் ஷெல்ஃபுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் நாலு முத்திரை. அதில் ஒன்று நான் எடுத்தது. இந்தப் புத்தகத்தால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்கள். கெட்டுப்போவதென்றாலும் முதலில் புத்தகத்தை எடுக்க வேண்டாமா?

இதற்குள் அவர்கள் முதல்வரைப் பார்க்கப் போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் இன்டர்காம். "மேடம், அந்த புக்கை எடுத்துட்டு ரூமுக்கு வாங்க." போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். வேதியியல் பேராசிரியர், வாசிப்பு அறைக்கு மின்விசிறி வாங்கித் தர நிர்வாகத்தோடு சண்டை போட்டவர். புத்தகத்தை வாங்கினார், திறந்துகூடப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து மேல்தட்டில் விளையாட்டு விழா ஷீல்டுகளுக்குப் பின்னால் செருகினார். "கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும், ஆறினதும் தரேன்" என்று சாவியைத் திருப்பினார். வந்தவர்களிடம் "எடுத்தாச்சுங்க" என்றார். அவர்கள் டீ குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் இருக்கும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "சார், எழுத்துல குடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் அந்தப் புத்தகத்தை அவர் பெயரில் இஷ்யூ போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. மகள் பிளஸ் டூ, வீட்டுக் கடன் என்று காரணம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. அதுதான் இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

பயப்படுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 2004 ஜனவரி 5-ம் தேதி புனேயில் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தை அடித்து நொறுக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மராட்டிய மன்னர் சிவாஜியைப் பற்றி ஜேம்ஸ் லேன் எழுதிய புத்தகத்துக்காக. அந்த நிறுவனம் அதை எழுதவும் இல்லை, பதிப்பிக்கவும் இல்லை. அங்கிருந்தவர்களுக்கு அவர் நன்றி சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அலமாரிகளைச் சாய்த்தார்கள், பழைய சுவடிகளைக் கிழித்தார்கள். அதனால் "தைரியமாக நில்லுங்கள்" என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. காகிதம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொல்வேன்.

அந்த முதல்வர் 2016 மே மாதம் ஓய்வு பெற்றார். ஜூலை 5-ம் தேதி 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிடிக்காதவர்கள் படிக்காமல் இருந்துகொள்ளலாம் என்றது நீதிமன்றம், நாமக்கல்லில் போட்ட சமாதான ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது, கடைசியில் எழுத்தாளரை எழுதச் சொன்னது. நான் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு புது முதல்வரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வேற புக்காச்சே மேடம்" என்றார். பீரோவைத் திறக்கவைத்தேன். ஷீல்டுகள் இருந்தன, யாருக்கோ போர்த்த வாங்கி மிஞ்சின பொன்னாடை இரண்டு இருந்தது. புத்தகம் இல்லை.

2017-ல் ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது இருப்புச் சரிபார்ப்பு. 38,000 புத்தகத்தில் 41 காணவில்லை, அதில் இதுவும் ஒன்று. ஆறு வாரம் மூன்று பேர் தூசியில் நின்று, வாங்கிய ஒவ்வொரு புத்தகத்தையும் எண் போட்டுப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரை வரி வரியாக டிக் அடித்த வேலை அது. அதற்கு ஒரு நன்றி கிடையாது, விலையைப்போல் மூன்று மடங்கு கட்டச் சொல்லி என் பெயருக்கு மெமோ வந்தது. முதல்வர் வாங்கி வைத்தார் என்றேன். பதிவு இருக்கிறதா என்றார்கள். இல்லை. ஓய்வு பெற்றவருக்கு போன் செய்தேன், "எந்த புக் மேடம்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 215-வது விதி இருக்கிறது. வருடத்துக்கு இரவல் கொடுத்த, எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாத வரை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் வருடத்துக்குப் பதினோராயிரம் இரவல், கணக்குப் போட்டால் வருடத்துக்கு 55 புத்தகம் தொலையலாம். எனக்கு மூன்று வருடத்தில் 41. இதை எழுதிக் கொடுத்தேன். "அது சென்ட்ரல் கவர்ன்மென்ட் ரூல் மேடம், நமக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் பதில். சம்பளத்தில் நாலு தவணையாகப் பிடித்தார்கள். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் 360 ரூபாய். வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட் உடைந்தால் 'தேய்மானம்', நூலகத்தில் புத்தகம் போனால் 'ரெக்கவரி'. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது மட்டும் நூலகம் கல்லூரியின் இதயம் என்று பேனர் கட்டுவார்கள். அந்த வாரம் முடிந்ததும் இதயத்தை ஹால் டிக்கெட் கொடுக்க அனுப்பிவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மெமோவுக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அதே புத்தகத்தை என் காசில் வாங்கி, 'நன்கொடை' என்று பதிந்து, புது அக்சஷன் நம்பர் போட்டு அதே இடத்தில் வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் நூலக ஆலோசனைக் குழுவுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு நடைமுறை எழுதிக் கொண்டுபோனேன். எதிர்ப்பு எதுவும் இல்லாத ஒரு சாதாரண ஜூன் மாதமாகப் பார்த்துத்தான் கொண்டுபோனேன். பிரச்சினை நடக்கும்போது கொண்டுபோனால் யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்பார்கள். சும்மா இருக்கும் நாளில் கொண்டுபோனால் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்கள். 2018-ல் அது மினிட்ஸில் ஏறிவிட்டது.

அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வாய்மொழிப் புகாரை ஏற்பதில்லை, படிவத்தில் எழுதித் தர வேண்டும். முடிவு வரும் வரை புத்தகம் ஷெல்ஃபிலேயே இருக்கும். எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், ஏனென்றால் 'தற்காலிகமாக' உள்ளே போன புத்தகம் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. குழுவில் குறைந்தது மூன்று பேர் புத்தகத்தை முழுக்கப் படித்துக் குறிப்பு எழுத வேண்டும், அதில் ஒருவர் அந்தத் துறைக்காரராக இருக்க வேண்டும். 30 வேலை நாளில் எழுத்தில் பதில். புத்தகத்தை நூலகத்துக்கு வெளியே யார் கொண்டுபோனாலும், முதல்வரே ஆனாலும், இஷ்யூ போட்டுத்தான். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் புது முதல்வர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் அமெரிக்காவிலிருந்து எடுத்தது, மறைக்க ஒன்றுமில்லை. அங்கே நூலகச் சங்கம் 1939-லேயே நூலக உரிமைச் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. புத்தகத்துக்கு எதிர்ப்பு வந்தால் 'மறுபரிசீலனை விண்ணப்பம்' கொடுக்கிறார்கள், அதில் முழுவதும் படித்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. அதை நான் ஐந்தாவது கேள்வியாக வைத்தேன். "அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியா?" என்று கிளம்புகிறவர்களுக்கு: ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று 1931-லேயே விதி எழுதியவர் நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க அவர் உண்டாக்கிய கோலன் பகுப்பை விட்டுவிட்டு அமெரிக்கரான டியூவியின் நம்பரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம், படிவத்தில் மட்டும் சுதேசியா?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-வது பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-வது பிரிவு. அதற்கு அரசு காரணம் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அந்த அறிவிக்கையோ நீதிமன்ற உத்தரவோ இருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டியதுதான். அது இல்லாமல் "தடை பண்ணின புக்குங்க இது" என்று யாராவது சொன்னால் அரசாணை எண் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள். பாதி பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இன்னொரு குழப்பம், பேராசிரியர்களுக்கே இருப்பது. பாடத்திட்டம் வேறு, நூலகம் வேறு. 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் ஒரு புத்தகத்தை எடுத்தது, மாணவர் அமைப்பு ஒன்றின் புகாருக்குப் பிறகு. மூன்று வருடமாகப் பாடத்தில் இருந்த புத்தகம். 2011-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏ.கே. ராமானுஜனின் ராமாயணக் கட்டுரையை வரலாற்றுப் பாடத்திலிருந்து எடுத்தது. சரியோ தப்போ, அது பாடத்திட்டம் பற்றிய முடிவு. எங்கள் துறைத் தலைவர் ஒருவர் அந்த நியூஸைப் பார்த்துவிட்டு, "மேடம், நம்மகிட்ட அது இருந்தா எடுத்துருங்க, சிலபஸ்லயே இல்லையாம்" என்றார். சிலபஸில் இல்லாததையெல்லாம் எடுத்தால் நூலகத்தில் கைடுகள்தான் மிஞ்சும் சார் என்றேன். சிரித்துவிட்டுப் போனார். எழுத்தில் கேட்கவில்லை.

வந்து சத்தம் போடுகிறவர்களால் போகும் புத்தகம் கொஞ்சம்தான். அதிகம் போவது வாங்கும் பட்டியலிலேயே. துறையிலிருந்து வரும் லிஸ்டில் "எதுக்கு வம்பு" என்று ஒரு கோடு. வாங்காத புத்தகத்துக்கு எதிர்ப்பே வராது பாருங்கள். நானும் அப்படிச் சில கோடு போட்டிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது "அப்படியானால் எந்தக் குப்பையையும் வைத்துக்கொள்வீர்களா" என்ற கேள்வி வரும். குறிப்பாக, சாதியை இழிவாக எழுதிய புத்தகம் இருந்தால்? வந்தது, 2019-ல். அதுதான் எனக்கு 2015-ல் வந்த அந்த மூன்று பேரை விடக் கஷ்டமாக இருந்தது.

எட்கர் தர்ஸ்டன் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதி போட்டவர். மனிதர்களை நிற்கவைத்துத் தலையையும் மூக்கையும் அளந்து எழுதிய காலத்துப் புத்தகம். எங்களிடம் மறுபதிப்பு ஏழும் இருந்தது, ரெஃபரன்ஸில். எம்.ஏ. வரலாறு படித்த ஒரு பையன் வந்து, தன் சாதியைப் பற்றிய பகுதியை எடுக்க வேண்டும் என்றான். குரல் நடுங்கியது. வகுப்பில் ஒருவன் அதைப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறான்.

படிவத்தைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, அடிபட்டவனிடம் விண்ணப்பம் எழுது என்று சொல்வதுபோல. ஆனால் ஒருவருக்கு ஒரு நியாயம் என்று ஆரம்பித்தால் அடுத்து வருபவரிடம் நான் என்ன சொல்வேன்?

ஒன்பது நாள் கழித்துக் கொண்டுவந்தான். மூன்று பக்கம் தனியாக இணைத்திருந்தான். ஐந்தாவது கேள்விக்கு, "ஆம். இந்தத் தொகுதி முழுவதும். என் சாதிப் பகுதி இரண்டு முறை" என்று எழுதியிருந்தான். எங்கே பிழை, எது பழைய அரசாங்கக் கையேட்டிலிருந்து அப்படியே வந்தது, எந்தச் சடங்கு இன்றும் இருக்கிறது, எது எப்போதுமே இருந்ததில்லை என்று அவன் பாட்டியிடம் கேட்டு எழுதியது. குழுவில் எல்லோரும் படித்தோம். புத்தகம் இருக்கட்டும் என்றுதான் முடிவு, நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். தன் குறிப்பை அந்தத் தொகுதிக்குள் ஒட்டச் சொன்னான். ஒட்டினால் நாளைக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருவர் மறுப்பு ஒட்டுவார். அதனால் அவன் மூன்று பக்கத்தை பைண்டு செய்து, அக்சஷன் நம்பர் போட்டு, அதே 305.5 என்ற டியூவி நம்பரில் தர்ஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. "நீங்க பண்ணினது சரிதான் மேம், ஆனா எனக்கு இன்னும் அது அங்க இருக்கறது பிடிக்கலை" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் இருந்த வரை அந்தப் படிவத்தை வாங்கிப்போனவர்கள் ஆறு பேர். பூர்த்தி செய்து திருப்பிக் கொடுத்தது அவன் ஒருவன்தான்.

மாதிரிப் படிவம் வேண்டுமென்றால் கேளுங்கள், தட்டச்சு செய்து போடுகிறேன். உங்கள் குழுவில் யாராவது "இதெல்லாம் எதுக்கு, வந்தவங்களை அவமானப்படுத்துற மாதிரி இருக்கு" என்று ஐந்தாவது கேள்வியை அடிக்கச் சொல்வார்கள். வேறு எதை வேண்டுமானாலும் அடியுங்கள்.